பின்வரிசையில் இருந்து முகம் பார்த்த அனுபவங்கள்

நாடக அரங்கில் எனக்கு எப்போதும் மாடியில், பின்வரிசைதான் வாய்க்கும். அங்கிருந்து மேடை முழுதும் தெரியும். கூட்டக் காட்சியில் யார் யாரை விட்டு விலகி நிற்கிறார் என்பதுகூட முன்வரிசையைவிட அங்கிருந்துதான் நன்றாகப் புரியும். முகம் மட்டும் தெரியாது. நடிகர் வசனம் பேசும்வரை அது குறையில்லை, குரல் வந்து சேர்ந்துவிடும். அவர் பேசாமல் எதிராளி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் நமக்கு இழப்பு. அதற்காகவே ஆபரா கிளாஸ் எடுத்துப் போகிறேன், அதாவது அரங்கில் மேடையைப் பெரிதாக்கிப் பார்க்கும் சின்ன இரட்டைக்குழல் கண்ணாடி.

மகன் இறந்த சேதியைத் தாய் கேட்கும் காட்சி ஒன்று. சேதி சொல்பவர் மேடை நடுவில், வெளிச்சமெல்லாம் அவர்மேல். தாய் ஓரத்தில், பாதி இருட்டில். நான் கண்ணாடியை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினேன். அவர் அழவில்லை. கீழுதடு எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் நின்றது. பிறகு, கேட்டது போதும் என்பதுபோல மெதுவாகத் தலையாட்டினார். வெறுங்கண்ணுக்கு அது அசையாமல் நின்ற ஓர் உருவம், அவ்வளவுதான். அந்த நாடகத்தில் இன்றும் எனக்கு முழுசாக நினைவிருப்பது அந்த உதடுதான்.

மூன்று மடங்கு பெரிதாக்கினால் போதுமா, எட்டு மடங்கு பைனாகுலர் வாங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். மேடை 30 மீட்டரில் இருந்தால் மூன்று மடங்கில் அது 10 மீட்டருக்கு வந்துவிடும். முகம் படிக்க அது தாராளம். எட்டு மடங்கில் கை நடுக்கமும் எட்டு மடங்காகும், நடிகர் இரண்டடி நகர்ந்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருட்டும் ஒரு சிக்கல். பைக்குள் அடங்கும் 8x21 பைனாகுலரில் (எட்டு மடங்கு, முன்லென்ஸ் அகலம் 21 மி.மீ.) கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 2.6 மி.மீ.தான். இருண்ட அரங்கில் நம் கண்மணியோ அதைவிட நன்றாகவே விரிந்திருக்கும். அதனால் படம் மங்கும். 3x25 ஆபரா கிளாஸில் இந்தக் குறை வராது.

ஆபரா கிளாஸ் முன்பக்கம் குவிலென்ஸ், கண்பக்கம் குழிலென்ஸ் கொண்டது. 1609இல் கலிலியோ வானத்தைப் பார்த்த குழாயும் இதே அமைப்புதான். படத்தை நிமிர்த்தும் கண்ணாடிப் பட்டகமான ப்ரிசம் இல்லாமலே படம் நிமிர்ந்து தெரிவதால் கருவி சிறியதாக, கனமில்லாமல் இருக்கிறது. மடங்கைக் கூட்டினால் பார்வைப்பரப்பு சாவித்துவாரம்போல் சுருங்கிவிடும். பெரும்பாலானவற்றை மூன்றை ஒட்டியே நிறுத்துவது அதனால்தான்.

காட்சி முழுக்கக் கண்ணிலேயே வைத்திருக்காதீர்கள். மேடை என்பது பல பேர் சேர்ந்து செய்வது. ஒரு முகத்தை மட்டும் துரத்தினால் மற்றதெல்லாம் போய்விடும். விளக்கு அணையும் முன்பே முன்திரையின் விளிம்பைப் பார்த்து ஃபோகஸ் சரிசெய்துவிட்டு, வேண்டிய நேரத்தில் மட்டும் எடுத்தால் போதும்.

மறுமொழி:
மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், நண்பரே. இந்த வகைக் கருவியில் கண் எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு பரப்பு தெரியும். நடுவில் மூக்குக்கண்ணாடி வந்தால் ஓரங்கள் போய்விடும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். எனக்கு இருப்பது சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்), அதைச் சக்கரத்தால் சரிசெய்ய முடியாது. மூக்குக்கண்ணாடியோடு பார்த்தாலும் முழுப்படமும் தெரியும் ப்ரிசம் பைனாகுலருக்கு மாறினேன். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடும் வகையாகப் பார்த்து, ஐந்து மடங்குக்குள் எடுங்கள்.

மறுமொழி:
மைக் இல்லாத அரங்கில் வாயசைவுக்குப் பின்னால் பாட்டு வருவதுபோல் எனக்குத் தோன்றியிருக்கிறது. பாடகர்மேல் குற்றமில்லை. ஒலி 34 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி ஆகிறது. உதடு பக்கத்தில் தெரியும்போது அந்த இடைவெளி கண்ணுக்குப் பட்டுவிடுகிறது. அதனால் பாட்டுக்குக் கண்ணாடியை இறக்கிவிடுவேன். பாடகரைவிட, மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசிப்பவர்களைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. மாடியில் இருப்பவருக்குத்தான் அவர்கள் தெரிவார்கள்! அவர்களைக் கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநரின் இடதுகை ஒரு பகுதியை அடக்கி இன்னொன்றை எழுப்புவதைப் பார்த்துக்கொண்டே கேட்டால், அதுவரை காதில் விழாத வாத்தியம் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும்.

மறுமொழி:
முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். நடுக்கமும் குறையும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொந்தரவில்லை. மாடியின் முதல் வரிசை என்றால் வாரைக் கழுத்தில் மாட்டாமல் கருவியை எடுக்கவே எடுக்காதீர்கள், கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.

மறுமொழி:
நான் மேடையில் நடிப்பவன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எங்கள் ஒப்பனைக் கோடுகள் தடிப்பாகத் தெரியும். அவை தூரத்து வரிசைகளுக்காகப் போட்டவை, பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிவு எழுதியவருக்கு என் நன்றி. வசனம் இல்லாமல் கேட்டுக்கொண்டு நிற்கும் இடத்துக்குத்தான் ஒத்திகையில் நாங்கள் அதிகம் பாடுபடுகிறோம். மாடியில் இருந்து அதை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சேதி. அடுத்தமுறை கூட்டக் காட்சியில் ஒரு வரிகூட இல்லாமல் ஓரமாக நிற்பவர்மேலும் ஒருதரம் கண்ணாடியைத் திருப்புங்கள். நான் பல வருஷம் நின்ற இடம் அது.