காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடு: பலகைக்கல்லுக்கு அடியில் உள்ள குழி எதற்கு?

கேட்டவர்: தோட்டத்துப் பேரன்

வணக்கம். காங்கேயத்துக்கு அருகில் உள்ள எங்கள் பாட்டனார் காலத்துத் தோட்டத்து வீட்டைப் பழுதுபார்த்து வருகிறோம். சீமை ஓட்டின் அடிப்புறத்தில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் பொறித்திருக்கின்றன. வீடும் அந்த ஆண்டில் கட்டியதுதானா? களத்தின் ஓரத்தில் கிடந்த பலகைக்கல்லைக் கொத்தனார் கடப்பாரையால் நெம்பியபோது, ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய வாயும், அதற்குக் கீழே பானையைப் போல அகன்ற குழியும் தெரிந்தன. மாடு கட்டும் கட்டுத்தரையை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி: ஓட்டுவீடு

1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பின்னாளில் செய்த ஓடுகளிலும் அதையே பொறித்தார்கள். பனையோலையோ நாட்டு ஓடோ வேய்ந்திருந்த கூரையைப் பிற்காலத்தில் சீமை ஓட்டுக்கு மாற்றிய வீடுகளும் நம் பக்கம் ஏராளம் என்பதால், வீட்டின் வயதைப் பழைய பத்திரங்களில்தான் தேட வேண்டும்.

மறுமொழி: கிளுவைவேலி

அது சோளம் கொட்டி வைத்த தானியக்குழியாக இருக்க வேண்டும். உள்ளே வைக்கோல் பரப்பிச் சோளத்தைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண்ணால் மெழுகிவிடுவார்கள்; அடைபட்ட தானியம் உள்ளிருக்கும் பிராணவாயுவை உறிஞ்சிக் கரியமிலவாயுவை வெளியிடுவதால் பூச்சி பிழைக்காது. அதே காரணத்தால், திறந்தவுடன் இறங்கியவர்கள் மூர்ச்சையாகி இறந்ததும் உண்டு. இப்போது காலியாக இருந்தாலும் தயவுசெய்து யாரையும் இறக்காதீர்கள்.

கட்டுத்தரையை இடிக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டாரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஆடி மாதத்தை ஒட்டிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று மாதக்கணக்கில் வீசும் ஊர் நம்முடையது. எங்கள் தோட்டத்தில் கட்டுத்தரை வீட்டுக்குக் கிழக்கே இருப்பதால் சாணி வாடை வீட்டுக்குள் வருவதில்லை. சமையல் புகை செல்லும் திசைக்கு எதிர்ப்புறத்தில் காய்ந்த சோளத்தட்டைக் குவித்த தட்டுப்போர் இருப்பதால் அதன்மேல் தீப்பொறி விழுவதில்லை. கல் பாவிய தரையின் சரிவும், மாட்டின் மூத்திரம் ஓடும் வாய்க்காலும், அது சென்று சேரும் எருக்குழியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை எதற்காக இருந்தன என்பதே அடுத்த தலைமுறைக்குப் புரியாமல் போய்விடும்.

கேட்டவர்: தோட்டத்துப் பேரன்

மிக்க நன்றி. குழியை மூடி, சுற்றிலும் முள் வைத்துவிட்டோம். நேற்றுக் கட்டுத்தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்; எங்கும் தேங்காமல் ஓடி, வேப்பமரத்துக்கு அப்பால் உள்ள பள்ளத்தில் விழுந்தது. கார் வெளியிலேயே நிற்கட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். சுவரின் அடிப்பகுதி மட்டும் உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?

மறுமொழி: ஓட்டுவீடு

வேண்டாம். மண் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிட, சுவர் இன்னும் மேலே உதிரும். கடுக்காய் ஊறிய நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையைப் பூசுங்கள். ஆனால் அதற்கு முன், எரவாரத்திலிருந்து விழும் மழைநீர் சுவரடியில் தேங்காதபடி மண்ணை வெட்டிச் சரிவு கொடுங்கள்.