கொலுவில் அதீனாவுக்கு எந்தப் படி?

குழு: மேலத்தெரு வீடு

வித்யா: எல்லாருக்கும் வணக்கம். மகாளய அமாவாசை அன்று பெரியம்மா வீட்டில் படி கட்டுகிறோம். இந்த வருடம் நடுப்படி முழுக்க அறிவுத் தெய்வங்கள். நம் சரஸ்வதி, கிரேக்கத்து அதீனா, எகிப்தின் செஷாத், சுமேரியாவின் நிசாபா, ஜப்பானின் பென்சைதென். பொம்மைகளை நானே காகிதக்கூழில் செய்கிறேன். ஆட்சேபணை இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

லலிதா பெரியம்மா: எனக்குச் சம்மதம். சுண்டல் பட்டியல் அப்புறம் போடுகிறேன்

ருக்மணி அத்தை: எனக்குச் சம்மதம் இல்லை.

வித்யா: ஏன் அத்தை?

ருக்மணி அத்தை: அதீனா படம் பார்த்தேன். கையில் ஈட்டி, கேடயம், தலையில் இரும்புக் கவசம். வீணை வைத்திருப்பவள் பக்கத்தில் சண்டைக்காரியா?

முரளி பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) அதிர்ச்சி உண்மை!! அதீனா வேறு யாரும் அல்ல, நம் சரஸ்வதியே!! படையெடுத்து வந்த அலெக்சாண்டர் இங்கிருந்து கொண்டு போன தெய்வம்!! பெருமையுடன் பகிரவும்!!

முரளி பெரியப்பா: நம்முடையதுதான் ருக்கு. தாராளமாக வைக்கலாம்.

பத்மா சித்தி: அப்படியா! 🙏

சேகர் சித்தப்பா: அண்ணா, இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அலெக்சாண்டர் இந்தியாவுக்குள் வந்தது கிமு 326. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் ஃபிடியாஸ் செய்த அதீனா சிலையை நிறுவியது கிமு 438. நூறு வருடத்துக்கு மேல் முந்தியது. அதற்கும் வெகுகாலம் முன்பே, கிரீட் தீவில் க்னோசோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகையில் ‘அதானா’ என்ற பெயர் வருகிறது. அது மூவாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. உண்மையில் பயணம் நேர் எதிர்த்திசையில் நடந்தது. அலெக்சாண்டருக்குப் பின் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரின் வெள்ளிக்காசில் அதீனா இடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். அதே காசில் அந்தப் பக்கத்து இந்திய எழுத்தான கரோஷ்டியும் இருக்கிறது. இங்கே வந்தவள் அவள்.

முரளி பெரியப்பா: சரி. ஆனால் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன்.

லலிதா பெரியம்மா: செட்டியார் பொம்மை யார் வீட்டில் இருக்கிறது?

பத்மா சித்தி: எங்களிடம் இல்லை அக்கா.

லலிதா பெரியம்மா: செட்டியார் அம்மாள் மட்டும் என்னிடம் தனியாக இருக்கிறாள். பாகம் பிரித்த அன்று நீலப் பெட்டி உங்கள் வண்டியில்தான் ஏறியது.

பத்மா சித்தி: அந்தப் பெட்டியில் பாத்திரம்தான் இருந்தது.

ருக்மணி அத்தை: சேகர், இந்த அதீனா அப்பா தலையிலிருந்து குதித்தவள் என்கிறார்களே. அம்மா இல்லாத பெண் எப்படி அறிவுத் தெய்வம் ஆவாள்?

சேகர் சித்தப்பா: அம்மா இருந்தாள் அக்கா. மேட்டிஸ். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெஸியோட் பாடியிருக்கிறார். தெய்வங்களிலும் மனிதரிலும் அவளே மிகுந்த அறிவுள்ளவள். அவளுக்குப் பிறக்கப்போகும் மகன் தன்னை அரியணையிலிருந்து இறக்கிவிடுவான் என்று பயந்து, கர்ப்பமாக இருந்தவளைத் தேவர்களின் அரசன் ஸியூஸ், அதீனாவின் அப்பா, அப்படியே விழுங்கிவிட்டார். பிறகு தலைவலி தாங்காமல் கோடரியால் பிளக்கச் சொன்னபோது அதீனா முழுக் கவசத்தோடு வெளியே வந்தாள் என்பது கதை. மேட்டிஸ் அதற்குப் பிறகும் ஸியூஸுக்குள்ளேயே இருந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பத்மா சித்தி: யோசனை அம்மாவுடையது. பெயர் அப்பாவுக்கு.

லலிதா பெரியம்மா: மாமனார் கடைக் கணக்கு மொத்தமும் அத்தைதானே எழுதினார்கள்.

பத்மா சித்தி: அதைத்தான் சொன்னேன் அக்கா.

முரளி பெரியப்பா: அம்மா கணக்கு எழுதியதை யாரும் மறைக்கவில்லையே.

பத்மா சித்தி: பெயர்ப்பலகையில் காணோம்.

வித்யா: தயவுசெய்து பொம்மைக்கு வருவோம். அதீனாவுக்கு எதைப் பார்த்துச் செய்யட்டும் சித்தப்பா?

சேகர் சித்தப்பா: ஃபிடியாஸின் மூலச்சிலை இப்போது இல்லை. ஏறக்குறைய 12 மீட்டர் உயரம், உடம்பு தந்தம், உடை தங்கம். தேவைப்பட்டால் கழற்றிக்கொள்ளும்படி 40 தாலந்து தங்கம் அதில் இருந்ததாக அக்கால வரலாற்று ஆசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். நம் கணக்கில் ஆயிரம் கிலோ. அதைப் பார்த்துச் செய்த சின்னப் பளிங்குச் சிலை ஒன்று 1880இல் ஏதென்ஸில் கிடைத்தது. அதை வைத்துக்கொள். தலைக்கவசத்தின் நடுவில் ஸ்ஃபிங்ஸ், அதாவது பெண் தலையும் சிங்க உடலும் உள்ள உருவம், இரண்டு பக்கமும் சிறகுள்ள குதிரை. வலது உள்ளங்கையில் சின்ன வெற்றித் தெய்வம். இடது கை கேடயத்தின் விளிம்பில். கேடயத்துக்கு உள்பக்கம் ஒரு பாம்பு படமெடுத்து நிற்கும், அதை விட்டுவிடாதே. மார்பில் கோர்கன் என்ற பாம்புக்கூந்தல் அரக்கியின் முகம். ஆந்தையைத் தனியாகச் செய்து காலடியில் வை. இன்றைய கிரேக்க ஒரு யூரோ நாணயத்திலும் அந்த ஆந்தைதான், பழைய ஏதென்ஸ் காசிலிருந்து எடுத்தது.

ருக்மணி அத்தை: ஆந்தை வேறா. வீட்டுக்குள் ஆந்தை ஆகாது.

முரளி பெரியப்பா: பாம்பு?

லலிதா பெரியம்மா: பாம்பு பரவாயில்லை. புற்றுக் கோயில் பொம்மையே இருக்கிறது

கார்த்திக்: யோகோஹாமாவிலிருந்து வணக்கம். இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அம்மா, இங்கே பக்கத்தில் எனோஷிமா தீவில் பென்சைதென் கோயில் இருக்கிறது. பௌத்தத்தோடு சீனா வழியாக வந்த நம் சரஸ்வதிதான். கையில் பிவா என்ற நரம்பு வாத்தியம் இருக்கும். ஆனால் அதே கோயிலில் எட்டுக் கைச் சிலையும் ஒன்று இருக்கிறது. பௌத்தர்களின் பொன்னொளி சூத்திரம் சொல்லும் வடிவம் அது. வில், அம்பு, வாள், ஈட்டி, கோடரி எல்லாம் உண்டு.

ருக்மணி அத்தை: சரஸ்வதி கையில் வாளா?

சேகர் சித்தப்பா: ரிக்வேதத்திலேயே அவளை விருத்திரனைக் கொன்றவள் என்று ஒரு பாடல் அழைக்கிறது அக்கா. ஆறாக, கரையை உடைத்துக்கொண்டு ஓடுகிறவளாகத்தான் அங்கே முதலில் வருகிறாள். வெள்ளைத் தாமரையும் வீணையும் பின்னால் வந்தவை.

ருக்மணி அத்தை: ம்

சேகர் சித்தப்பா: இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம். அதீனாவைப் போர்த் தெய்வம் என்று மட்டும் நினைப்பது அநியாயம். ஏதென்ஸில் தறி நெய்பவர்கள், குயவர்கள், தச்சர்கள் எல்லாரும் அவளைத்தான் கும்பிட்டார்கள். ‘எர்கானே’ என்று அவளுக்கு ஒரு பெயர், கைத்தொழில்காரி. பானதீனையா திருவிழாவுக்கு ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் அவளுக்கு ஒரு சேலை மாதிரி நெய்வார்கள். காவி மஞ்சளும் நீலமும் கலந்த துணி, அதில் தேவர்கள் அசுரர்களை வென்ற காட்சி. அவளுடைய அறிவு கையில் இருக்கிறது. உளி பிடிக்கத் தெரிவது, பாவு ஓட்டத் தெரிவது, எப்போது சண்டையிடுவது, எப்போது விடுவது என்று தெரிவது. நாம் நவமி அன்று புத்தகத்தையும் கருவியையும் ஒரே மணையில் வைத்துப் பொட்டு வைக்கிறோமே, அந்த நாள் அவளுக்கு நன்றாகப் புரியும். அத்தான் லேத்துப் பட்டறையில் மெஷினுக்குச் சந்தனம் பூசிவிட்டு, அதன் மேலேயே கார்த்திக் கணக்கு நோட்டை வைப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திக்: ஆமாம். நோட்டு முழுக்க கிரீஸ் ஆகிவிடும்.

ருக்மணி அத்தை: அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

லலிதா பெரியம்மா: 🙏

முரளி பெரியப்பா: மற்ற இரண்டு பேர் யார், அந்த எகிப்துக்காரியும் இன்னொருத்தியும்?

வித்யா: செஷாத் எழுத்துக்கும் அளவுக்கும் தெய்வம் பெரியப்பா. சிறுத்தைத் தோல் உடை. தலைக்கு மேல் ஏழு இதழ்ப் பூ மாதிரி ஒரு சின்னம். கோயில் கட்டும்போது மன்னனோடு நின்று கயிறு பிடித்து அளப்பாள். அரசன் ஆண்ட வருடங்களைப் பனைமட்டையில் வெட்டிக் குறிப்பாள்.

சேகர் சித்தப்பா: பேரீச்ச மட்டை.

வித்யா: சரி சித்தப்பா. நிசாபா தானியத்துக்கும் எழுத்துக்கும் தெய்வம். இன்றைய ஈராக்கில், நான்காயிரம் வருடம் முன்பு நிப்பூர் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் களிமண் பலகையில் பாடம் எழுதினார்கள். பல பாடங்கள் ‘நிசாபாவுக்குப் புகழ்’ என்றுதான் முடியும். நாம் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிறோம், அவர்கள் அவளைச் சொல்லி முடித்தார்கள். அவள் முன்னால் ஒரு படி நெல்லும் ஒரு நாணல் குச்சியும் வைக்கப்போகிறேன்.

லலிதா பெரியம்மா: நெல் நான் தருகிறேன். சுண்டல்: முதல் நாள் நான், இரண்டாம் நாள் பத்மா, மூன்றாம் நாள் ருக்கு

பத்மா சித்தி: எனக்கு ஞாயிறு கொடுங்கள் அக்கா. மற்ற நாள் முடியாது.

லலிதா பெரியம்மா: ஞாயிறு எல்லாரும் கேட்கிறார்கள்

முரளி பெரியப்பா: கொண்டைக்கடலை விலை ஏறிவிட்டது. காராமணி போதும்.

கார்த்திக்: அம்மா, அதீனாவுக்குச் சம்மதமா?

ருக்மணி அத்தை: சரஸ்வதி இருக்கும் படியில் வேண்டாம். ஒரு படி கீழே வையுங்கள். ஆந்தை கூடாது.

சேகர் சித்தப்பா: அக்கா, ஆந்தை இல்லாமல் அதீனா எப்படி?

வித்யா: கீழே பார்க் போடுகிறோமே, அதில் மரத்தின் மேல் ஆந்தையை வைக்கட்டுமா அத்தை? அவள் கொடுத்த ஆலிவ் மரம். ஏதென்ஸ் யாருக்கு என்ற போட்டியில் கடல்தெய்வம் பாறையை அடித்து உப்புநீர் கொடுத்தது, இவள் மரம் கொடுத்தாள். ஊர் மரத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

ருக்மணி அத்தை: மரம் வை. ஆந்தையை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வித்யா: அதீனா கையில் ஒரு சின்ன லேத்துக் கருவி வைக்கலாமா அத்தை?

ருக்மணி அத்தை: மாமாவுடைய காலிப்பர் ஒன்று இருக்கிறது. துரு எடுத்துக் கொடுக்கிறேன். கையில் வேண்டாம், பக்கத்தில் வை.

முரளி பெரியப்பா: அப்படியென்றால் எந்தப் படி என்று முடிவா?

லலிதா பெரியம்மா: முதலில் பலகை வரட்டும். ஐந்து படிக்கு இருக்கிறது, ஏழுக்கு இல்லை.

பத்மா சித்தி: அக்கா, நீலப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாத்திரத்துக்கு அடியில் வைக்கோல் சுற்றி ஏதோ இருக்கிறது. செட்டியாராக இருக்கலாம்.

லலிதா பெரியம்மா: இருக்கலாமா? பிரித்துப் பார்த்துப் படம் அனுப்பு