விரலால மீட்டறதுக்கு எந்த யுகுலேலே வாங்கலாம்?

வணக்கம். ரெண்டு வருஷமா ஒரு மலிவு சொப்ரானோல (நாலு கம்பி யுகுலேலேல சின்ன சைஸ்) ஒப்பேத்திட்டு இருக்கேன். கார்டு (chord, பல சுரம் ஒண்ணா ஒலிக்கறது) அடிச்சுப் பாடற வரைக்கும் பிரச்சினை இல்ல. இப்போ ஒவ்வொரு கம்பியா மீட்டப் பழகறேன், அங்கதான் உதைக்குது. நட் (கழுத்தோட மேல்முனைல கம்பிகளைத் தாங்கற பட்டை) அகலம் 35 மி.மீ.தான், ஒரு கம்பியை அழுத்தினா விரல் நுனி பக்கத்துக் கம்பியையும் தொட்டு 'டப்'புனு ஊமையாக்கிடுது. 12-வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கா இருக்கற உலோகப் பட்டை) சுருதியும் ஏறிடுது.

பட்ஜெட் 12,000 ரூபா. சொப்ரானோவை விடப் பெரிய சைஸ்ல, கம்பி நீளம் 15 அங்குலம் இருக்கற கான்செர்ட்டா, 17 அங்குல டெனரா? என் கை சின்னது. காலா, கார்டோபா ரெண்டு பிராண்ட்லயும் மஹோகனி மாடல் பார்த்து வச்சிருக்கேன். நட் 38 மி.மீ. இருந்தா வித்தியாசம் தெரியுமா? ஜி கம்பியை ஒரு ஸ்தாயி கீழ வைக்கற தாழ்ந்த ஜி கம்பி போட ஆசை, ஆனா உயர்ந்த ஜி-யோட அந்தக் கிணுகிணுப்பை விடவும் மனசில்ல. வாசிச்சுப் பார்த்தவங்க சொல்லுங்களேன். ஸ்பீக்கர்ல இணைக்கற பிக்கப் வேண்டாம், கேக்கறது வீட்டுப் பூனை மட்டும்தான்.