கவுன்சிலின் ஆண்டுக் கண்காணிப்பு அறிக்கையால் யாருக்குப் பயன்?

கிழக்குக்கரை:
இங்கிலாந்தில் பெரும்பாலான கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எத்தனை வீடுகள் கட்டி முடிந்தன, எவ்வளவு தொழில் நிலம் சேர்ந்தது அல்லது பறிபோனது என்று கணக்கெடுத்து அறிக்கை வெளியிடுகின்றன. 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 35ஆம் பிரிவில் வந்த கடமை இது. தொடக்கத்தில் அமைச்சருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2011இன் உள்ளூர்மயச் சட்டம் அதை நீக்கி, நேரடியாக மக்களுக்கே வெளியிடச் சொன்னது. அந்த மக்களில் எத்தனை பேர் இதைப் புரட்டிப் பார்க்கிறார்கள்? அனுமதி தருவது கவுன்சில் என்றாலும் கட்டும் வேகத்தைத் தீர்மானிப்பது கட்டுமான நிறுவனம்தான். அக்கம்பக்கத்து விலை சரியாமல் எத்தனை வீடுகளை விற்க முடியுமோ அந்த அளவுக்குத்தான் பெரிய மனைகளில் வேலை நகர்கிறது என்று 2018இல் ஆலிவர் லெட்வினின் ஆய்வும் சொல்லிவிட்டது. கட்டாதவரின் கணக்கை ஆண்டுதோறும் எழுதி என்ன பயன்?

வரைபடம்:
திட்டமிடல் பிரிவில் சில காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஐயா. அடுத்த ஐந்தாண்டுக்குத் தேவையான வீடுகளுக்கு நிலம் இருக்கிறது என்று கவுன்சில் காட்ட முடியாமல் போனால், அனுமதி கொடுக்கும் பக்கமாகத் தராசு சாய்ந்துவிடும். ஊரே வேண்டாம் என்ற வயலுக்கும் மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்துவிடலாம். அந்த விசாரணையில் கட்டுமான நிறுவனத்தின் வழக்கறிஞர் கவுன்சில் காட்டும் மனைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பார். விரிவான அனுமதி பெற்ற மனை, அங்கே வீடு வராது என்பதற்குத் தெளிவான சான்று இல்லாதவரை, அனுமதி காலாவதியாகும்வரை கணக்கில் நிற்கும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளுக்கு, விவரங்களைப் பின்னர் முடிவுசெய்ய விடும் முதனிலை அனுமதி மட்டும் இருந்தால், வீடு வரும் என்பதற்கான சான்றைக் கவுன்சில்தான் காட்டியாக வேண்டும். அதனால்தான் மார்ச் மாத இறுதியில் ஓர் அலுவலர் தாளும் கையுமாக மனை மனையாக நடக்கிறார். கூரை போட்டாகிவிட்டது, சமையலறை இன்னும் பொருத்தவில்லை என்றால் அந்த வீடு "கட்டுமானத்தில்" என்ற பத்தியிலேயே நிற்கும். நிறைவுச் சான்றிதழும் கவுன்சில் வரி (வீட்டு வரி) பட்டியலும் ஒத்துப்போனால்தான் அது அடுத்த பத்திக்குப் போகும்.

கிழக்குக்கரை:
என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறீர்கள். தேவையான வீடுகளில் எத்தனை விழுக்காடு கட்டப்பட்டன என்று அரசு பார்க்கும் வீடு வழங்கல் சோதனை மூன்றாண்டுக் கணக்கைப் பார்க்கிறது. 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் செயல்திட்டம் எழுத வேண்டும், 85க்குக் கீழே போனால் 20 விழுக்காடு கூடுதல் நிலம் காட்ட வேண்டும், 75க்குக் கீழே போனால் நீங்கள் சொன்ன தராசு சாய்கிறது. அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கட்டும் நிறுவனத்துக்கு இதனால் இழப்பு ஏதும் இல்லை. அதே நிறுவனமே அடுத்த வயலுக்கும் விண்ணப்பிக்கலாம். 2024 டிசம்பரில் நாட்டின் மொத்தத் தேவையை ஆண்டுக்கு ஏறத்தாழ 370,000 வீடுகளாக உயர்த்திய பிறகு இந்தச் சிக்கல் கூடத்தான் செய்யும்.

பட்டறைக்காரர்:
இருவரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தொழில் நிலத்துக்கு ஐந்தாண்டுக் கணக்கும் இல்லை, குறைந்தால் தண்டனையும் இல்லை. அதனால் அந்த அத்தியாயத்தை அறிக்கையின் கடைசியில் ஒப்புக்கு எழுதி வைக்கிறார்கள். 2013 மே மாதம் முதல் அலுவலகங்களை முழு அனுமதி இல்லாமல், முன்னொப்புதல் (குறிப்பிட்ட சில விஷயங்களை மட்டும் கவுன்சில் பார்த்துத் தரும் ஒப்புதல்) மட்டும் பெற்று வீடாக்க வழி வந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் கடை, அலுவலகம், உணவகம், இலகு தொழில் எல்லாம் 'ஈ' என்ற ஒரே பயன்பாட்டு வகுப்புக்குள் வந்துவிட்டன. ஒன்று மற்றொன்றாக மாறுவதற்கு விண்ணப்பமே பொதுவாகத் தேவையில்லை, ஆகவே பதிவும் இல்லை. 2021 ஆகஸ்ட் முதல் அந்த வகுப்புக் கட்டடங்களையும் முன்னொப்புதலோடு வீடாக்கலாம்.

பதிவாகும் இழப்பும் சதுர மீட்டரில்தான் பதிவாகிறது. நான் வாடகைக்கு இருக்கும் தொழிற்பேட்டையில் எட்டுப் பேர் வேலை செய்த இரும்புப் பட்டறை மூடப்பட்டு, அதே இடத்தில் இரண்டு பேர் மட்டும் வந்துபோகும் கிடங்கு வந்தது. கவுன்சிலின் அட்டவணையில் நிகர இழப்பு சுழியம். வேலை இழந்த ஆறு பேரை அந்தச் சுழியத்தில் எங்கே தேடுவது?

வரைபடம்:
ஈ வகுப்புக்குள் நடக்கும் மாற்றம் கண்ணில் படுவதில்லை என்பது உண்மை. ஆனால் வீடாக மாறும் ஒவ்வொன்றுக்கும் முன்னொப்புதல் விண்ணப்பம் வருகிறது, அது எண்ணத்தக்கது. அந்த உரிமையைத் தடுக்க 4ஆம் உறுப்பு ஆணை பிறப்பிக்க வேண்டுமானால், முற்றிலும் ஏற்கவியலாத பாதிப்பு வரும் என்று வலுவான சான்றுகளோடு காட்ட வேண்டும். ஆணையும் இயன்றவரை சிறிய பரப்புக்கே செல்லும். எந்தத் தெருவில் எத்தனை தொழிற்கூடங்கள் போயின என்ற பல ஆண்டுப் பதிவு இல்லாத கவுன்சில் அங்கே எதைக் காட்டும்?

கிழக்குக்கரை:
அப்படியானால் அந்தப் பதிவைத் தெருவாரியாகவே வெளியிட வேண்டியதுதானே? நான் பார்த்த அறிக்கைகளில் எல்லாம் மாவட்டம் முழுவதற்குமாக ஒற்றை எண்தான் இருந்தது.

பட்டறைக்காரர்:
அதோடு, வணிகச் சொத்துவரிப் பட்டியல் அதே கவுன்சிலின் இன்னொரு பிரிவிடம் இருக்கிறதே, அதையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் கூடம் காலியானது, எது கிடங்கானது என்று ஓரளவேனும் தெரிந்துவிடும். வீட்டுக்குக் கவுன்சில் வரிப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் பட்டறைக்கு இதைப் பார்க்க எந்தச் சட்டம் தடுக்கிறது?