இன்டர்னல் மார்க் பஞ்சாயத்து

தம்பி: நானே சொல்லிடறேன், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் இன்டர்னல்ல 50க்கு 21. யாரும் போன் போட்டு கேக்காதீங்க. சிலபஸ்லயே இல்லாத கேள்வி

சித்தி: ஐயோ, ராத்திரி பூரா படிச்சியேடா

தம்பி: கேச் மெமரி, அதான் ப்ராசசர் பக்கத்துலயே இருக்கற சின்ன வேகமான மெமரி, அந்த சாப்டர் முழுசும் மனப்பாடம் சித்தி. ஆனா கேச்னா என்னன்னு கேக்கவே இல்ல, ரெண்டு லூப்பை குடுத்து எது வேகம் ஏன்னு கேட்டுருக்காங்க, 8 மார்க்கு. ரெண்டு பக்கம் எழுதினேன், 1 மார்க் போட்டிருக்காங்க

அக்கா: பேப்பரை போட்டோ எடுத்துப் போடு

தம்பி: 📷

அக்கா: பாத்தேன். 1024க்கு 1024 அர்ரே, அதாவது எண் கட்டம், ஒவ்வொரு எண்ணும் 4 பைட், கேச் 32 கேபி, லைன், அதாவது மெமரிலேருந்து ஒருதடவைக்கு எடுத்துட்டு வர்ற துண்டு, 64 பைட். ஒரு லூப் வரிசை வரிசையா கூட்டுது, இன்னொண்ணு காலம் காலமா, அதாவது மேலேருந்து கீழா, கூட்டுது. அருமையான கேள்விடா, நான் எடுக்கிற கிளாஸ்ல இதைக் கேக்காம விட்டுட்டேனேன்னு இருக்கு

சித்தி: காலங்காலமா கூட்டுதா 😂

அக்கா: சித்தி, நெசமாவே அதான் நடக்கும்! ஒரு லைன்ல 16 எண் இருக்கும். வரிசையா போனா ஒருதடவை மெமரிக்கு போய் எடுத்துட்டு வந்தா அடுத்த 15ம் கையிலயே இருக்கு. காலமா போனா ஒவ்வொரு எண்ணுக்கும் புது லைன், மேலேருந்து கீழ வரைக்கும் 1024 லைன், 64 கேபி ஆகுது, கேச்சோ 32 தான். திரும்ப மேல வர்றப்ப எடுத்து வெச்சதெல்லாம் காலி

சித்தி: ஓ, ஒரு பக்கத்துல ஒரு வரி படிச்சுட்டு அடுத்த பக்கம் புரட்டற மாதிரி

அக்கா: அதேதான்!! கேச்சுலயே இருந்தா, அதாவது ஹிட்னா, 1 சைக்கிள் (ப்ராசசரோட ஒரு துடிப்பு), இல்லாம மிஸ் ஆனா கூடுதலா 100ன்னு குடுத்திருக்காங்க. வரிசைக்கு 16ல ஒரு மிஸ், சராசரி 7.25. காலத்துக்கு எல்லாமே மிஸ், 101. கிட்டத்தட்ட 14 மடங்கு. நீ என்ன எழுதினே?

தம்பி: கேச் வரையறை, எந்த லைன் கேச்சுல எங்க உக்காரும்ங்கற மேப்பிங் 3 வகை, ஒரு லைனுக்கு ஒரே இடம்தான்ங்கற டைரக்ட் மேப்பிங் படம் போட்டு பாகம் குறிச்சேன்

மாமா: 🤦 இன்டர்வியூக்கு வர்ற பசங்களும் இப்டித்தான். மெமரிலேருந்து ரிஜிஸ்டருக்கு எடுத்துட்டு வர்ற லோடுக்கு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனே அந்த ரிஜிஸ்டரை கேட்டா, ரிசல்ட்டை நேரா அடுத்ததுக்கு தள்ளிவிடற ஃபார்வர்டிங் இருந்தும் எத்தனை சைக்கிள் நிக்கும்னு கேப்பேன். இன்ஸ்ட்ரக்ஷன் ஒண்ணொண்ணா கடந்து போற பைப்லைனோட 5 ஸ்டேஜ் பேரையும் கடகடன்னு ஒப்பிப்பாங்க. ஒண்ணுன்னு ஒரு வார்த்தை வராது

அக்கா: கேள்விக்கு பக்கத்துல சிஓ 3ன்னு, மூணாவது கோர்ஸ் அவுட்கம்னு, போட்டிருக்கே, அது என்னன்னு பாத்தியா? பாடத்திட்டத்து முதல் பக்கத்துல இருக்கும்

தம்பி: யாருக்கா அதெல்லாம் பாப்பா. இரு... "மெமரி அடுக்குகளின் செயல்திறனைப் பகுத்தாய்தல்"

அக்கா: அப்ப சிலபஸ்ல இல்லைன்னு எப்டிடா சொல்றே. ப்ளூம் குழு கற்றல் இலக்குக்கு 1956ல போட்ட அடுக்கை 2001ல திருத்தினாங்களே, அதுல ஞாபகம் வெச்சிருக்கறது முதல் படி, பகுத்தாய்வு நாலாவது. நீ முதல் படியிலயே உக்காந்து ரெண்டு பக்கம் எழுதியிருக்கே

தம்பி: சரி ஒத்துக்கறேன், ஆனா ஒண்ணு சொல்லு, இந்த மாதிரி கணக்கு கிளாஸ்ல ஒண்ணு கூட போடல, அசைன்மென்ட் "மேப்பிங் வகைகளை விளக்குக", பழைய பேப்பர் எல்லாத்துலயும் விளக்குக விளக்குக தான், நான் எதைப் பாத்து நாலாவது படிக்கு ஏறுவேன்

மாமா: பாயின்ட்டு 👏

அக்கா: ம்ம். அது நியாயம். கேள்வி சரி, அதுக்கு பழக்காம பரீட்சையில மட்டும் கேட்டது தப்பு. நானும் இதுக்கு நேர் எதிரா ஒரு கூத்து பண்ணியிருக்கேன். அவுட்கம்ல பகுத்தாய்தல் வடிவமைத்தல்னு எழுதிட்டு, பேப்பர்ல பூரா விளக்குக. எல்லாரும் நல்ல மார்க், அவுட்கமை எவ்ளோ எட்டினாங்கன்னு காட்டற அட்டெயின்மென்ட் ஷீட் ஒரே பச்சை கலரு, நானும் சந்தோஷமா கையெழுத்து போட்டேன். அப்புறம் லேப் வைவாவுல சிபிஐ, அதான் ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு எத்தனை சைக்கிள்ங்கற கணக்கு ஒண்ணு குடுத்தா 60 பேர்ல 9 பேர்தான் போட்டாங்க. ஷீட் பொய் சொல்லல, நான் கேட்டதே வேற

சித்தி: எங்க ஸ்கூல்லயும் அதே கதைதான்மா

தம்பி: அப்ப அடுத்த இன்டர்னலுக்கு ஒரு மாடல் கேள்வி குடு

அக்கா: அதே அர்ரே, எண் 8 பைட்டா இருந்தா?

தம்பி: லைனுக்கு 8 எண். 8ல ஒரு மிஸ், 12.5 சதவீதம், சராசரி 13.5. காலத்துக்கு அதே 101

அக்கா: 👌

மாமா: நான் ஒண்ணு. பழைய 4 பைட்டே, கேச் மட்டும் 128 கேபி. இப்ப காலமா போனா?

தம்பி: 64 கேபி தானே வேணும், உள்ள அடங்கிடும். அதுவும் 7.25

மாமா: கேச் டைரக்ட் மேப்பிங்

தம்பி: அதனால என்ன

தம்பி: இருங்க

தம்பி: ஒவ்வொரு வரிசையும் 4096 பைட் தள்ளி இருக்கு, அதாவது 64 லைன். கேச்சுல 2048 இடம். அப்ப 1024 வரிசையும் வெறும் 32 இடத்துலயே மோதிக்கும், மீதி இடம் சும்மா கிடக்கும், திரும்பவும் எல்லாம் மிஸ்ஸு 😳

அக்கா: அந்த 1 மார்க் படத்தை எடுத்து பக்கத்துல வெச்சுக்கோ, இப்பத்தான் அதுக்கு வேலை