காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை: காலத்தைக் கணிப்பது எப்படி?

கேள்வி – தோட்டத்துக்காரன்
காங்கேயத்துக்கு அருகே எங்கள் தோட்டத்தில் பூட்டனார் காலத்துச் சாளை (தோட்டத்து வீடு) ஒன்று இருக்கிறது. மண்சுவர், பனங்கைகளின் (பனைமரச் சட்டங்களின்) மேல் சீமை ஓடு, முன்னால் திண்ணையும் ஆசாரமும் (கூடமும்), அதற்குப் பின்னே சன்னல் இல்லாத ஓர் அறை, தெற்கே மாடு கட்டும் கட்டுத்தறி, கிழக்கே களம். கட்டிய ஆண்டு எந்தப் பத்திரத்திலும் இல்லை. இதன் காலத்தை எப்படிக் கணிப்பது, சுவருக்குச் சிமென்ட் பூசலாமா என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி – நொய்யல்கரை
ஓர் ஓட்டைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் மங்களூரில் 1865-இல் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு பரவிய வகை அது. ஆனால் கூரையின் வயதைச் சுவரின் வயதாகக் கொண்டுவிடாதீர்கள். பல சாளைகள் முதலில் பனையோலையோ சோளத்தட்டோ வேய்ந்தவையாக இருந்து, வசதி வந்த பிறகே ஓட்டுக்கு மாறின. ஓலைக்கூரைக்குச் சரிவு அதிகம் வேண்டும் என்பதால், பக்கச் சுவரின் முக்கோண முகட்டில் பழைய சரிவின் தடம் தெரிகிறதா என்று உள்ளிருந்து கவனியுங்கள். மண்சுவரைப் படை படையாக வைத்து, ஒன்று காய்ந்த பின்னரே அடுத்ததை ஏற்றுவார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் அந்தப் படைகளின் கிடைக்கோடுகளைக் காணலாம். மேலே மட்டும் மண்ணின் நிறம் மாறியிருந்தால், சுவர் பிற்காலத்தில் உயர்த்தப்பட்டது என்று கொள்ளலாம்.

மறுமொழி – கவலைக்கிணறு
வீட்டோடு நின்றுவிடாமல் கிணற்றடிக்கும் செல்லுங்கள். விடியுமுன்பே எருதுகளைப் பூட்டிக் கவலை (எருதுகள் கயிற்றால் இழுத்துக் கிணற்று நீரை மேலேற்றும் ஏற்றம்) இறைக்க வேண்டியிருந்ததால்தான் கொங்கு வேளாண் குடும்பங்கள் பல, ஊருக்குள் இல்லாமல் தோட்டத்திலேயே குடியிருந்தன. மாடு, கிணறு, களம் மூன்றும் கண்பார்வையில் இருக்கும்படி சாளை அமைந்ததும் அதனால்தான். நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிய பின், மின்மோட்டார்கள் மெல்ல மெல்லக் கவலையின் இடத்தைப் பிடித்தன. எருதுகள் இறங்கி ஏறிய சரிவும், கவலையின் வால்கயிறு உரசித் தேய்ந்த கல்லும் மிஞ்சியிருந்தால், பண்ணையம் அங்கே மோட்டார் வருவதற்கு முந்தியது என்பதற்கு அவை நல்ல சான்று. சன்னல் இல்லாத அறை தானிய அறையாக இருந்திருக்க வேண்டும். வெளிச்சமும் ஈரக்காற்றும் புகாமல் தானியக் குதிர்களையும் மொடாக்களையும் (பெரிய மண்பானைகளையும்) காப்பதற்கு அந்த அமைப்பு ஏற்றது.

மறுமொழி – நொய்யல்கரை
சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம் ஐயா. மண்சுவர் உறிஞ்சும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சுவரின் அடிப்பகுதி கரைந்துவிடும். பூச்சு மட்டும் பலகைபோல் நிற்பதால் சேதம் கண்ணுக்கும் தெரியாது. மண்ணோடு வைக்கோல் சேர்த்துக் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். அதற்கு முன் ஒழுகும் ஓடுகளை மாற்றி, பனங்கைகள் சுவரில் அமரும் நுனிகளில் கறையான் ஏறியுள்ளதா என்று தட்டிப் பார்த்துவிடுங்கள்.