புதுப்பிப்பு: மொட்டைமாடி அறையில் புகாரி அடுப்பு

டெல்லி மயூர் விஹார் வீட்டு மொட்டைமாடி அறையில் புகாரி அடுப்பு (குளிருக்கு அறையைச் சூடாக்கும், புகைக்குழாய் வைத்த விறகு அடுப்பு) புகையை உள்ளேயே துப்புகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? குழாயைச் சந்தேகப்பட்டேன்; குற்றவாளி விறகு. ஈரப்பதம் அளக்கும் மீட்டரை விறகில் குத்திப் பார்த்தால் 34 சதவீதம்! 20க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும், குழாயில் தாரும் படியும்.

பிளந்து நன்றாகக் காய்ந்த மாமர விறகு வாங்கி, காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து பற்றவைத்தேன். அப்புறம் குழாய் வாயில் புகையே கண்ணுக்குத் தெரியவில்லை. (சாம்பல் அள்ளுவது மட்டும் என் தலையில்.) கார்பன் மோனாக்சைடு பயத்தில் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே வைத்தேன்.

சரி, ஆனால் ஊர்க் காற்று மோசமானதும் மனசு கேட்கவில்லை. எவ்வளவு நன்றாக எரிந்தாலும் நுண்துகள் வரத்தான் செய்யும். அடுப்பு இப்போது இமாச்சல மலையூரான சோலனில், மச்சான் வீட்டில். இங்கே கரண்டில் ஓடும் எண்ணெய் ஹீட்டர். கரண்ட் பில் வந்ததும் சொல்கிறேன்.